தகரம் போட்டு மூடிய கிணறு

"தம்பி, அது உவர்க் கிணறு. அதுக்குள்ள நுளம்பு பெருகாது."

2024 ஜனவரியில் யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று நான் சொன்ன வசனம் இது. கேட்டுக்கொண்டு நின்றவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. முப்பது வயதுகூட இருக்காது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டெங்கு என்று உறுதியானால் ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்தல் போகும், அங்கிருந்து பி.எச்.ஐ. வீடு தேடி வருவார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல்நாளே வளவைக் கூட்டிப் பெருக்கி, சிரட்டைகளைக் கவிழ்த்து, குரும்பட்டி, கோம்பை எல்லாம் பொறுக்கி எரித்து, பீலிக்குள் கிடந்த சருகைக்கூட ஏணி வைத்து வாரியிருந்தேன். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பழைய ரயர் என்று அவர் கேட்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் நானே முன்னால் போய்க் காட்டினேன். கடைசியில் அவர் வேலியோரம் தகரம் போட்டு மூடியிருந்த கிணற்றைக் காட்டி "அது என்னக்கா?" என்றார். அதற்குத்தான் மேலே உள்ள பதில்.

அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த உறுதி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது எனக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். டெங்கு நுளம்பு தெளிந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்திருக்கிறோம், துண்டுப் பிரசுரத்தில் படித்திருக்கிறோம், ஒலிபெருக்கி கட்டின ஓட்டோவில் கேட்டிருக்கிறோம். நல்ல தண்ணி என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: உப்பில்லாத தண்ணி. ஆகவே உப்புக் கிணறு பாதுகாப்பானது. இவ்வளவுதான் கணக்கு.

காய்ச்சல் விட்ட நாள்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மார்கழி மழை விட்டு ஒரு கிழமை ஆகியிருந்தது. ஊரெல்லாம் காய்ச்சல். அந்த மாரியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிக் கிளம்பியது என்பது இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு. "வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் விடும்" என்று சொல்லிப் பரசிற்றமோல் தந்தார்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொன்னபடியே மூன்றாம் நாள் பின்னேரம் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. அம்மா நல்லூரானுக்கு நேர்ந்து வைத்த கற்பூரத்தைத் தேடப் போய்விட்டார். நான் இரண்டு இரவுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். விடியற்காலை மகள் வயிறு நோகுது என்றாள். கையைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து நாடி பிடித்துப் பார்த்த மாத்திரத்தில், "ஓட்டோவைக் கூப்பிடு பிள்ளை, இப்பவே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் காலம் முழுக்க அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றுதான் தெரிந்துகொண்டேன். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் காயும் நாட்கள் அல்ல, காய்ச்சல் இறங்கும் நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறத் தொடங்கினால் அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் உடம்புக்குள் போகிற நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மகளின் பிளேட்லெட் 41,000க்கு வந்திருந்தது. கட்டில் காலில் ஒரு தாள் தொங்கியது. ஜீவனி 100, செவ்விளநீர் 150, கஞ்சி 80 என்று அவள் குடித்த ஒவ்வொரு மிடறையும், கழித்த சிறுநீரையும் மில்லிலீற்றரில் எழுத வேண்டும். இரண்டு இரவு, நித்திரை இல்லாமல் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டு இருந்தேன். தண்ணீரை அவ்வளவு கவனமாக அதற்கு முன் நான் அளந்ததே இல்லை. மூன்றாம் நாள் அவள் பசிக்குது என்றாள். தாதிமார் சிரித்தார்கள். நான் வாசலுக்குப் போய் நின்று அழுதேன்.

தேத்தண்ணி திரைந்த காலம்

கிணற்றுக் கதைக்கு வருகிறேன். அம்மா 1974இல் கலியாணம் கட்டி இந்த வளவுக்கு வந்தபோது அது துலாக் கிணறு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். பிறகு கப்பி வந்தது. நான் பிறந்து வளர்ந்து முதுகு நிமிர்த்தித் தண்ணி அள்ளப் பழகியது அந்தக் கப்பியில்தான். 1995 இடப்பெயர்வு முடிந்து அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை; அப்பா முதல் செய்த வேலை கிணற்றை இறைத்தது. சேறும் தகரமும் செருப்பும் வாரி எடுத்து, ஊற்று வந்து தெளிந்த அன்று, அந்தத் தண்ணீரில் அம்மா வைத்த பிளேன்ரீயை நாங்கள் முற்றத்தில் குந்தியிருந்து குடித்தோம். வீடு வந்துவிட்டது என்று தெரிந்தது அந்தத் தண்ணீரின் ருசியில்.

மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு பருப்பு அவிய நேரம் எடுத்தது. ஒரு சித்திரை மாதம் பால்தேத்தண்ணி திரைந்தது. பால் பழுது என்று கடைக்காரரோடு கதைக்கப் போன அம்மா, அடுத்த நாளும் திரைந்தபோது பேசாமல் கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொண்டார். "கிணறு எங்களோட கோவிச்சுக்கொண்டுட்டுது" என்று அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாரியில் மழை பெய்து தண்ணீர் திரும்ப நல்லதானது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் உவர் முந்தி வந்து பிந்திப் போனது. கடைசியில் போகவே இல்லை. குடிக்கப் பவுசர் தண்ணி எடுத்தோம். பிறகு குழாய் வந்தது. ஒரு பூனைக்குட்டி கிணற்றுக்குள் விழுந்த பிறகு தகரத்தைப் போட்டு மேலே இரண்டு கல்லும் வைத்தோம். அத்தோடு அந்தக் கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்குத்தான். எங்களுக்கு இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிற மழைநீர். அந்த நன்னீர், அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது இதற்கு நிலநீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே 1 மீற்றர் குறைந்தால் கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறிவரப் பார்க்கும். துலாவும் கப்பியும் எடுத்ததை மாரி நிரப்பியது. மோட்டர் எடுப்பதை நிரப்ப முடியவில்லை. இதில் எங்கள் பங்கு பெரிது, அதை மறைத்து எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட எனக்கு விருப்பம் இல்லை. குளங்களை நிரவி வீடு கட்டியதும் நாங்கள்தான்.

ஆனால் வானமும் மாறியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று நின்று நிதானமாகப் பெய்த மழைதான் நிலத்துக்குள் இறங்கியது. இப்போது ஒரு தாழமுக்கம் வந்தால் மாத மழை இரண்டு மூன்று நாளில் கொட்டுகிறது. தெரு நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, கடலுக்குப் போய்விடுகிறது. நிலம் குடிக்க முதலே தண்ணீர் போய்விட்டது. அடுத்த பக்கத்தில் கடல் உயர்கிறது. 1901இலிருந்து 2018 வரைக்கும் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் அந்த வேகம் கூடியிருக்கிறது. மலைநாட்டில் இருப்பவருக்கு ஒரு சாண் பெரிதாகத் தெரியாது. எங்கே நின்றாலும் கடலோ கடல்நீரேரியோ கிட்ட இருக்கும் எங்களுக்கு, அது கிணற்றின் அடியில் தெரியும்.

வாளி மேலே வந்தபோது

"இருக்கட்டும் அக்கா, ஒருக்காப் பாப்பம்" என்றார் அந்தத் தம்பி. நான் கல்லைத் தள்ளினேன். அவர் தகரத்தை இழுத்தார். தகரத்தின் விளிம்பு துருப்பிடித்து ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதுவரை நான் அதைக் கண்டதில்லை. மாரித் தண்ணி ஏறி நின்றதால் எட்டிக் குனிந்தாலே நீர்மட்டம் தெரிந்தது. அவர் ரோச் லைற்றை அடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாளியை இறக்கினார். மேலே வந்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

முதலில் ஏதோ தூசி என்றுதான் நினைத்தேன். அவர் கோப்பையை விரலால் மெல்லத் தட்டினார். தூசி நெளிந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை வாலை ஆட்டி அடியை நோக்கி ஓடின. பிறகு ஒவ்வொன்றாக மூச்செடுக்க மேலே வந்தன. அரிசி மணியிலும் மெல்லியவை. நான் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. என் வசனத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை போலும். சந்தேகமே இல்லாத உவர்.

"உவர்லயும் இருக்குதக்கா. இந்தக் கரைப்பக்கம் நாங்கள் கனக்கக் காணுறம்" என்றார் அவர். குற்றம் சொல்கிற குரல் அதில் இல்லை. அம்மா திண்ணையில் இருந்து எழுந்து வந்து கோப்பையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "பிள்ளைக்குக் கடிச்சது இதுக்குள்ள இருந்தோ வந்தது?" அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், ரியூசனில் கடித்திருக்கலாம். தம்பியும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் கேள்வி அந்தக் கிணற்றுக்கட்டை விட்டு இன்னும் போகவில்லை.

பிறகு நான் தேடிப் படித்தேன். படித்ததும் இன்னும் கவலையாக இருந்தது, ஏனென்றால் இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இதை 2011இலேயே எழுதியிருக்கிறார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் இரண்டு இனங்களும் கரையோரத்து உவர்நீரில், பாவனையில்லாத கிணறுகளிலும் கைவிட்ட படகுகளிலும், குடம்பியாக, அதாவது புழுப் பருவத்தில், வளர்கின்றன. ஆயிரத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் உப்புள்ள நீரில்கூட அவை இருந்தன, கடல்நீர் முப்பத்தைந்து. 2014இல் இன்னொரு ஆய்வு: யாழ்ப்பாணத்துக் குருநகரின் உவர்நீரில் பிடித்த நுளம்பின் குடம்பிகளையும் இங்கேயே உள்ள திருநெல்வேலியின் நன்னீரில் பிடித்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குருநகர்க் குடம்பிகள் அதிக உப்பைத் தாங்கின. இரண்டு இடத்துக்கும் நடுவே சைக்கிளில் போகிற தூரம்தான். அதற்குள் நுளம்பு உப்புக்குப் பழகிவிட்டது. நாங்கள் இன்னும் பழைய துண்டுப் பிரசுரத்தையே நம்பிக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்த இரவு எங்கள் கிணற்றின் கதையை நான் வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன். தண்ணி உவராகியது, ஆகவே நாங்கள் அள்ளுவதை விட்டோம். அள்ளாததால் தண்ணீர் அசையாமல் நின்றது. தகரம் போட்டதால் நிழலும் கிடைத்தது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை வாளி விழுந்து கலக்கிய கிணற்றில் நுளம்புக்கு இந்த அமைதி கிடைத்திராது. உப்பு எங்களைக் காப்பாற்றும் என்று நான் சொன்னேன். கிணற்றை எங்கள் கையிலிருந்து பிடுங்கி நுளம்பிடம் கொடுத்ததே அந்த உப்புத்தான். பவுசருக்குக் காத்திருந்த வருடங்களில் வீட்டைச் சுற்றி வரிசையாக வைத்த பரல்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவை உவரால் வந்த பரல்கள்.

காலநிலை மாற்றம் என்றால் உருகும் பனிமலையும் வெடித்த நிலமும்தான் எங்களுக்குக் காட்டப்படுகிறது. உடம்புக்குள் அது வருகிற வழி இப்படிச் சுற்றுவழியாக இருப்பதால்தான் நாங்கள் அடையாளம் காண்பதில்லை. வெயில் கூடினால் நுளம்பின் வயிற்றுக்குள் வைரஸ் முற்றி அடுத்தவருக்குக் கடத்தத் தயாராகும் நாட்களும் குறையும். உவர்த் தண்ணீர் குடிப்பதால் பிரஷர் ஏறுவதை வங்காளதேசத்தின் கரையோர மாவட்டமான குல்னாவில் கர்ப்பிணிப் பெண்களிடம் கண்டிருக்கிறார்கள். அம்மா பிரஷர்க் குளிசை போடத் தொடங்கியதும் பவுசர் வருவதற்கு முந்திய வருடங்களில்தான். அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மலேரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடப்பெயர்வில் வன்னிக்குப் போன பெரியம்மா குடும்பத்தில் மலேரியா வராத ஆள் இல்லை. மரத்தடியில் நடுங்கிக்கொண்டு கிடந்ததைப் பெரியம்மா இப்போதும் சொல்லுவார். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புதிய மலேரியா நுளம்பைக் கண்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அது விரும்பி முட்டையிடும் இடங்களில் ஒன்று கிணறு. நோய் இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் தங்க இடம் தயாராக இருக்கிறது.

சிவப்பு நோட்டீஸ்

2024 கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல் புயல் தந்த மழையை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெள்ளம் வடிந்ததும் டிசம்பரில் ஒரு காய்ச்சல் பரவியது. சில நாளிலேயே ஆட்கள் இறந்தார்கள். என்ன காய்ச்சல் என்று தெரியாத அந்த நாட்களின் பயம் வட்ஸ்அப்பில் எப்படி ஓடியது என்று நினைவிருக்கும். பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து வயல்காரரின் நோய் என்று நாங்கள் செய்தியில் கேட்ட ஒன்று, எங்கள் குடாநாட்டின் வடமராட்சியில் வெள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களைப் பிடித்தது. எனக்கு அதில் என் வசனத்தின் எதிரொலி கேட்டது. இது எங்கட பக்கத்து நோய் இல்லை. இது உப்புத் தண்ணி. இது மாரியில வாறதில்லை. மழையும் வெயிலும் கடலும் பழைய கணக்கில் நின்ற காலத்தில் சரியாக இருந்த அறிவு அது. எங்கள் அம்மாமார் அதை வைத்துத்தான் எங்களை உயிரோடு வளர்த்தார்கள். அதனால்தான் அது பிழைக்கும்போது இவ்வளவு வலிக்கிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. டெங்குக் காலத்தில் சோதனை வருவது ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு. நுளம்பு பெருக விட்டதற்கான சிவப்பு நோட்டீஸை வாங்குவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண். யோகட் கப்பை யார் எறிந்தது என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே ஆள் இல்லாத வீடுகள் நாலு. பிள்ளைகள் கனடாவில், லண்டனில். படலை பூட்டு, கிணற்றில் தண்ணி. நன்னீர் இருந்த காலத்தில் அந்தக் கிணறுகளுக்கு அயல் சனம் வந்து அள்ளியது. உவரான பிறகு யாருக்கும் தேவையில்லை. எத்தனை கிணறு பாவனையில் இருக்கிறது, எத்தனை மூடிக் கிடக்கிறது, எதில் எவ்வளவு உப்பு என்று கிராம சேவையாளர் பிரிவு தோறும் ஒரு பதிவு இருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், பார்த்து எழுத வேண்டும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்ததை நான் வரவேற்கிறேன். பிள்ளைகளுக்கு உப்பில்லாத தண்ணி கிடைப்பது பெரிய காரியம். ஆனால் குழாய் போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிணறு கைவிடப்படப் போகிறது. குழாய் பொருத்த வருகிறவர் கையோடு கிணற்றுக்கு ஒரு வலையும் கொண்டுவந்தால் என்ன?

எங்கள் கிணற்றில் இப்போது தகரம் இல்லை. நுளம்பு நுழையாத கண்ணுள்ள வலையை இரும்புச் சட்டத்தில் கட்டிப் போட்டிருக்கிறோம். பணிமனையில் தந்த, குடம்பி தின்னும் கப்பி மீன்கள் உள்ளே பெருகிவிட்டன. தண்ணி அள்ளும் கப்பிக்கு எண்ணெய் விட்டு, புதுக் கயிறு போட்டு, அம்மா பின்னேரத்தில் பத்து வாளி அள்ளித் தென்னைக்கு ஊற்றுகிறார். தென்னை உவரைத் தாங்கும். ஒவ்வொரு தடவையும் முதல் வாளியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். சென்ற மார்கழியில் ஒருநாள், "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பக்கத்துப் பூட்டிய வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கிணத்தில அம்மா எனக்குத் தலையில வாத்தவ" என்றார். பூட்டை உடைக்கச் சொல்லி, வலைக்குக் காசும் அனுப்பினார். பற்றைக்குள் வழி வெட்டிப் போய் மூன்று பேராக அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தோம். வெள்ளைக் கோப்பை இப்போது எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. தட்டினால், எல்லாம் நெளிந்தன. மீன் விட்டு, வலை கட்டி, கை கழுவிக்கொண்டு வரும்போது இருட்டிவிட்டது. அம்மா படலையில் நின்றுகொண்டு ஒழுங்கையின் மற்றக் கோடியைப் பார்த்தார்.

"அங்கால மூலை வீட்டுக்காரரின்ர நம்பர் ஆரிட்டையும் இருக்கோ?" என்று கேட்டார்.